காற்றுக்கு முடி வெட்டிய கதையின் மீதி

நான் இங்கே எழுதுவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் கத்தி மீது ஆணை, கத்தரி மீது ஆணை, பாதிப் பல் உதிர்ந்த பிறகும் ஓய்வு கேட்காத என் சீப்பின் மீது ஆணை. இதில் ஒரு பொய்யைக் கண்டுபிடித்தால் என் மீசையை ஒரு பக்கம் மட்டும் மழித்து அப்படியே தெருவில் நடக்கவிடுங்கள். முடிதிருத்துகிறவனுக்கு அதற்கு மேல் ஒரு தண்டனை கிடையாது.

இவ்வளவு ஆணை எதற்கு என்றால், என் பேச்சுக்கு ஊரில் இருக்கும் மதிப்பு அப்படி. என் கடைக்குப் பலகையில் வேறு பெயர் எழுதியிருக்கிறது. அதை எழுதிய ஓவியரைத் தவிர யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. ‘சரடு சலூன்’ என்று கேட்டால் எந்தக் கடையிலும் வழி காட்டுவார்கள். சர்க்கஸ் சிங்கத்துக்குக் கிருதா ஒதுக்கியதும், முழு மொட்டையான ஒரு நீதிபதியின் மனம் நோகக்கூடாதென்று அவர் தலைக்கு மேல் வெறுங்கத்தரியை அரை மணி நேரம் ஓட்டியதும், அதற்கு அவர் ‘பின்னாடி இன்னும் கொஞ்சம் குறைங்க’ என்றதும் இந்தக் கடையில்தான் நடந்தன. யாரும் மறுத்ததில்லை. கழுத்தில் கத்தி இருக்கும்போது மனிதர்கள் மறுத்துப் பேசுவதில்லை.

தொழிலில் எனக்கு ஒரு தந்திரம் உண்டு. கதையை முடிக்கவே மாட்டேன். சிங்கம் வாயைத் திறந்திருக்கும், என் கை உள்ளே இருக்கும், அந்த இடத்தில் துணியை உதறி, “மீதி அடுத்த மாசம்” என்று சொல்லிவிடுவேன். ஆள் திரும்பி வந்தே தீருவார். முடி வளர்ந்ததோ இல்லையோ, வருவார். எதிர்ச்சாரியில் கண்ணாடியும் குளிர்பதனமுமாக ஒரு பெரிய சலூன் திறந்தபோதும் என் நாற்காலி காலியாகாததற்கு என் கை காரணமில்லை, அந்தப் பாதிக் கதைகள்தான் காரணம்.

கதைகளின் முடிவு ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். கடைக்குப் பின்னால் வீடு. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் என் மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்துக்காரர்களின் திரைச்சீலைகளுக்கும் பாவாடைகளுக்கும் ஓரம் அடித்துக்கொண்டிருப்பாள். சிங்கம் வாயைத் திறந்ததும் மெஷின் சத்தம் நிற்கும். சாயங்காலம் நான் கடையைச் சாத்திவிட்டு உள்ளே போனால், தட்டை வைத்துக்கொண்டே கேட்பாள்:

“மீதி எங்க?”

சொல்வேன். அவள் சிரிக்க மாட்டாள். “இந்த வயசுல இப்படிப் புளுகறதுக்கு வெக்கமா இல்ல?” என்று மட்டும் கேட்பாள். பிறகு தண்ணீர் எடுத்து வைப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவளை ஒரு பாதிக் கதையோடு நான் தூங்கவிட்டதில்லை. சாட்சிக்கு வேண்டுமானால் அவளையே கேளுங்கள். நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இத்தனையும்.

முதலில் சளி, பிறகு காய்ச்சல். ‘ஒண்ணுமில்ல, மழையில நனைஞ்சதுதான்’ என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருநாள் காலையில் கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவில் மூச்சு நின்று நின்று வந்தது. உதடு நீலமாகிவிட்டது. மகள் ஓடி வந்து வண்டி பிடித்தாள். அன்று சாயங்காலத்துக்குள் வாயில் குழாய் வைத்து, மூச்சு விடும் வேலையை ஒரு மெஷினிடம் கொடுத்துவிட்டார்கள்.

அந்த நோய்க்கு ‘அக்யூட் ரெஸ்பிரேட்டரி டிஸ்ட்ரெஸ் சிண்ட்ரோம்’ என்று பெயர். அதைச் சொல்லி முடிக்கவே நல்ல நுரையீரல் ஒன்று வேண்டும். நோயாளியிடம் அது இருக்காது என்ற இரக்கத்தில் டாக்டர்கள் ஏ.ஆர்.டி.எஸ். என்று சுருக்கிவிட்டார்கள். நுரையீரலில் காற்று இருக்க வேண்டிய சின்னச் சின்ன அறைகளில் தண்ணீர் கோத்துக்கொள்கிறது. பஞ்சு நனைந்தால் எப்படியோ அப்படி. டாக்டர் மகளிடம் அப்படித்தான் விளக்கினார். முதுகுப்பக்கம் காற்று போகட்டும் என்று குப்புறப் படுக்க வைப்பார்கள், பிறகு நிமிர்த்துவார்கள், மறுபடி குப்புற. தோசை திருப்புவதுபோல என்று எழுத வந்தது, அடித்துவிட்டேன். ஐந்து பேர் சேர்ந்து ஒரு உடம்பை அவ்வளவு பதமாகத் திருப்புவதைப் பார்த்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள்.

மருந்து மயக்கத்தில் நான் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தேன். கூரையில் இருந்த விளக்குகளெல்லாம் சவரத்துக்கு வந்த முகங்கள். நுரை பூசிக்கொண்டு வரிசையில் காத்திருந்தன. எனக்குக் கை எழவில்லை. ‘இதோ ஆச்சுங்க, இதோ ஆச்சுங்க’ என்று சொல்லப் பார்த்தால் வாயில் குழாய்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. ஒரு கால் குட்டை. உட்கார்ந்தால் ‘டொக்’ என்று ஒரு பக்கம் சாயும். அந்த ‘டொக்’ கேட்டால் பார்வை நேரம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த வார்டின் நர்ஸ் சொன்னதும் என் காதில் விழுந்தது:

“சும்மா பாத்துட்டே உக்காந்திருக்காதீங்க. கையப் பிடிச்சுட்டுப் பேசுங்க. என்ன வேணா பேசுங்க. கேக்கலாம்.”

என் மனைவி பேச ஆரம்பித்தாள். அவளுக்குப் பேசிப் பழக்கமில்லை. பேசுகிற வேலையை நான் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தேன். அதனால் முதலில் வீட்டுத் தண்ணீர்க் குழாய் ஒழுகுவதைச் சொன்னாள். வாஷர் மாற்ற வேண்டுமாம். எதிர்வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறதாம். அதுவும் தீர்ந்தது. பிறகு, நான் சத்தியமாகச் சொல்கிறேன், என் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தாள். சிங்கம், நீதிபதி, தூங்கிப்போன கல்யாண மாப்பிள்ளைக்கு நான் ஆள் மாறி மழித்துவிட்ட கதை, ஒன்று விடாமல், அதனதன் முடிவோடு. அவளுக்குத்தானே முடிவு தெரியும்?

கைவசம் இருந்த கதைகள் தீர்ந்த பிறகு, யாருக்குமே தெரியாத புதுக்கதை ஒன்றை எடுத்தாள்.

ஒருநாள் காற்று சலூனுக்கு வந்ததாம். நாற்காலியில் உட்கார்ந்ததும் நாற்காலி தானே சுழன்றது. “எப்படி வெட்டணுங்க?” என்று கேட்டார் கடைக்காரர். “ரொம்ப வளந்துபோச்சு. நடந்தா பின்னாடி தரையில இழுபடுது. குப்பை, காகிதம், ஊரார் காயப்போட்ட துணி எல்லாம் அதுல மாட்டிக்குது. போற இடமெல்லாம் திட்டு வாங்கறேன்” என்றது காற்று. வெட்டினார். விழுந்த முடி கண்ணுக்குத் தெரியவில்லை, கை வைத்தால் குளிர்ந்தது. பெருக்கப் போனால் துடைப்பம் பறந்தது. ஒரு சாக்கைப் பிடித்து அதில் அடைத்து, வாயைக் கட்டி, வீட்டுப் பரணில் போட்டுவிட்டு மறந்துபோனார். வருஷங்கள் ஓடின. அந்த வீட்டில் ஒரு ஆளுக்கு மூச்சு போதாமல் வந்தது. ஜன்னலைத் திறந்தார்கள், விசிறினார்கள், போதவில்லை. அப்போதுதான் கடைக்காரருக்குச் சாக்கு நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் ஏணியைச் சார்த்தினார். ஏறினார். பாதி ஏணியில் இருக்கும்போது...

“நேரம் ஆச்சுங்க” என்றாள் நர்ஸ்.

“மீதி நாளைக்கு” என்றது ஸ்டூலில் இருந்த குரல். ‘டொக்’ என்று ஸ்டூல் நேரானது.

பாருங்கள் அந்தத் தந்திரத்தை. பாதியில் நிறுத்தினால் ஆள் திரும்பி வந்தே தீர வேண்டும். என் தொழில் ரகசியத்தை எடுத்து என் மேலேயே காட்டினாள்.

மறுநாள் ஸ்டூலில் யாரும் இல்லை. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. கோபக்காரி என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் இவ்வளவு நீளமாக ஒருதரமும் இருந்ததில்லை. தையல் மெஷின் உறைபோட்டபடி இருக்கிறது. செருப்பு வாசலில் விட்ட இடத்திலேயே இருக்கிறது. நான் தடுப்பைப் பார்த்து உட்கார்ந்து, “ஏணி என்ன ஆச்சு?” என்று கேட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. “சரி, கதைய விடு. ஆஸ்பத்திரியில பேசினது நெசமா, அத மட்டும் சொல்லு” என்றேன். அதற்கும் இல்லை.

இப்போது என் சிக்கல் உங்களுக்குப் புரிந்திருக்கும். மயக்கத்தில் கிடப்பவருக்குப் பக்கத்தில் பேசுவது கேட்குமா, கேட்காதா? கேட்குமென்றால் என் காதில் விழுந்தது நிஜக் குரல். கேட்காதென்றால் அந்த ஸ்டூலில் நடந்த அத்தனை பேச்சும் வீண். சோறு இறங்கவில்லை. கத்தரி பிடித்தால் நினைவு ஸ்டூலுக்குப் போனது. ஒரு வாடிக்கையாளரின் காது மடலில் கீறல் விழுந்தது. அவர் ‘பரவாயில்ல’ என்று சொல்லிவிட்டு எதிர்ச்சாரிக்குப் போனவர்தான், இன்னும் வரவில்லை. அவருடைய பாதிக் கதையும் அவரோடு போய்விட்டது.

மகள் தன் செல்போனில் தேடித் தேடிப் படித்துக் காட்டினாள். “இந்த நோய்க்குப் பிறகு கை காலில் வலு இல்லாம இருக்குமாம், குரல் கம்மும், மறதி வரும், கெட்ட கனா வரும், மனசு உடைஞ்சு போகும்னு போட்டிருக்குப்பா. வீட்டுல இருக்கறவங்களுக்கும் வருமாம். ஒரு வருஷம்கூட ஆகுமாம்.”

“கேக்குமான்னு போட்டிருக்கா?”

“போட்டிருக்கு. ஆனா ஒருத்தர் கேக்கும்ங்கறார், ஒருத்தர் சொல்ல முடியாதுங்கறார்.”

“ரெண்டு பேரும் குழாய் வச்சுப் படுத்தவங்களா?”

“இல்லப்பா. டாக்டருங்க.”

“அப்ப அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

மகள் செல்போனைக் கீழே வைத்தாள். “அதே ஆஸ்பத்திரியில மாசாமாசம் ஒரு கூட்டம் நடக்குதாம்ப்பா. இதுல இருந்து பொழைச்சு வந்தவங்க எல்லாம் உக்காந்து பேசறாங்களாம். வீட்டுக்காரங்களும் வரலாமாம். போலாமா?”

போனோம்.

மூச்சு வாங்குகிறவர்களின் கூட்டத்தை இரண்டாம் மாடியில் வைத்த மகானுக்கு ஒருநாள் சும்மா சவரம் செய்துவிட வேண்டும், மொட்டைக் கத்தியால். அன்றைக்கென்று லிஃப்ட்டும் ஓடவில்லை. படியில் ஆங்காங்கே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், மலைக்கோட்டைக்குப் போகிற வழிபோல. ஒரு பெரிய உடம்புக்காரர் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, “நீங்க போங்க, நான் ஒரு லோடு இறக்கிட்டு வரேன்” என்றார். நான் மளமளவென்று ஏறிவிட்டேன். மேலே போன பிறகுதான் எனக்கும் மூச்சு வாங்க வேண்டுமே என்ற நினைவு வந்தது. வாங்கினேன்.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் அறை. சுவரோரம் ரப்பர் பந்துகள், மரப்படி ஒன்று, வட்டமாக நாற்காலிகள். நடத்துகிறவள் அதே வார்டு நர்ஸ். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“வாங்கய்யா. வருவீங்கன்னு நெனைச்சேன்” என்றாள்.

முதலில் ஒரு கணக்கு டீச்சர் பேசினார். தலையில் கைக்குட்டை கட்டியிருந்தார். மெஷினில் இருந்தபோது கூரை முழுக்கத் தப்புக் கணக்காக எழுதியிருந்ததாம், எழுந்து திருத்த முடியாமல் கட்டிப்போட்டிருந்தார்களாம். “இப்பவும் வகுப்புல ஏழெட்டுன்னா எவ்வளவுன்னு நின்னு யோசிக்கறேன். புள்ளைங்க சிரிக்குதுங்க. முடி வேற, சீப்பு வச்சா கொத்தா வருது.”

“முடி திரும்ப வந்துடும் டீச்சர்” என்றாள் நர்ஸ். “பெரிய நோவு வந்து போனா சில மாசம் கழிச்சு அப்படிக் கொட்டும். கணக்கும் வரும், கொஞ்சம் லேட்டாகும்.”

படியில் பார்த்த பெரிய உடம்புக்காரர் லாரி டிரைவர். கழுத்துக் குழியில் ஒரு தழும்பு. நர்ஸுகள் எல்லோரும் சேர்ந்து தன் லாரியின் டயர்களைக் கழற்றி விற்றுக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். “இந்தத் தங்கச்சிதான் ஸ்பேனர் பிடிச்சுது” என்று நர்ஸைக் காட்டினார்.

“நல்ல வெலைக்குப் போச்சா அண்ணே?”

“ஸ்டெப்னியையாவது விட்டுட்டுப் போயிருக்கலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்க நேரமாயிற்று.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் வாழ்நாளெல்லாம் நான் யோசித்து யோசித்துக் கட்டியதை இவர்கள் ஒவ்வொருவரும் கண்ணால் கண்டிருக்கிறார்கள். அந்த அறையில் புளுகன் என்று ஒருவரும் இல்லை. யாரும் யாரையும் பார்த்து ‘அப்படியா?’ என்று புருவத்தைத் தூக்கவில்லை.

என் முறை வந்தது. குரலைக் கொஞ்சம் கம்மலாக்கிக்கொண்டேன். ஜன்னலோரக் கட்டிலையும், வரிசையில் நின்ற நுரை முகங்களையும், ஸ்டூலையும் சொன்னேன். “என் சம்சாரம் பக்கத்துல உக்காந்து பேசினா. எனக்குக் கேட்டுது. ஆனா அது நெசமா, மருந்து செஞ்ச வேலையான்னு தெரியணும். உங்கள்ல யாருக்காவது கேட்டுதா?”

பக்கத்தில் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அப்பா பிழைத்து வந்த சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன். நர்ஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் பாட்டிலை எடுத்து மகளிடம் நீட்டினாள்.

“எனக்கு ஒண்ணுமே கேக்கல” என்றார் டீச்சர். “என் வீட்டுக்காரர் தினமும் வந்து பேப்பர் படிச்சாராம். ஒரு வரி ஞாபகம் இல்ல. அவர் முகத்துக்காகக் கேட்டுதுன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

நான் நாற்காலியை நர்ஸ் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

“நீ சொல்லும்மா” என்றேன் நர்ஸிடம். “பேசுங்க, கேக்கலாம்னு நீதானே சொன்ன?”

“கேக்கலாம்னுதாங்க ஐயா சொன்னேன். கேக்கும்னு சொல்லல.” அவள் குரல் தாழ்ந்தது. “சிலருக்குக் கேக்குது. சிலருக்குக் கேக்கறதில்ல. சிலருக்குக் கேட்டும் ஞாபகம் இருக்கறதில்ல. யாருக்கு எதுன்னு சத்தியம் பண்ண என்னால முடியாது. ஆனா அந்த ஸ்டூல நான் பாத்திருக்கேன். பார்வை நேரத்துல ஒருநாளும் அது காலியா இருந்ததில்ல. கடைசி நாள்வரைக்கும். அத மட்டும் நான் சத்தியமா சொல்வேன்.”

நான் எதிர்பார்த்துப் போனது அதுவல்ல. முகத்தில் நுரையும் கழுத்தில் என் கத்தியும் இல்லாத ஒரு ஆள் என் முன்னால் நேர்மையாகப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. டீ வந்தது. பிஸ்கட்டைப் பிட்டு டீயில் போட்டேன், அது கரைந்து போனது.

கிளம்பும்போது லாரி டிரைவர் பக்கத்தில் வந்தார். “பெரியவரே, முடி வெட்டறவரா நீங்க?”

அவர் தலையைப் பார்த்தால் அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் பொட்டல்.

“வீட்டுக்கு வந்ததுல இருந்து வெட்டல. கழுத்துல துணி கட்டினாலே மூச்சு அடைக்குது. போன மாசம் ஒரு கடையில பாதியில எழுந்து ஓடியே வந்துட்டேன், துணியோட. இன்னும் அந்தத் துணி வீட்டுல கிடக்கு.”

“துணியில்லாம வெட்டறேன். முடியெல்லாம் சட்டைக்குள்ள போகும்.”

“போகட்டும். அரிச்சா சொறிஞ்சுக்கறேன்.”

வந்தார். கடையில் வேறு ஆள் இல்லை. கழுத்தில் துணி கட்டவில்லை, கைக்குட்டைகூட வைக்கவில்லை. என் தொழிலில் இது காலில் செருப்பில்லாமல் ஆணிமேல் நடக்கிற மாதிரி. ஒவ்வொரு முடியும் போகக்கூடாத இடத்துக்குப் போகும். தழும்புப் பக்கம் வரும்போது அவர் நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்தார். நான் கத்தரியை எடுத்துவிட்டு நிற்பேன். அவர் மூச்சு அடங்கும். மறுபடி.

“ஏதாவது பேசிட்டே இருங்க பெரியவரே. சத்தம் நின்னா பயமா இருக்கு.”

அதனால் காற்றின் கதையைச் சொன்னேன். “இது என் கதையில்ல, என் சம்சாரம் சொன்னது” என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நாற்காலி சுழன்றது, துடைப்பம் பறந்தது, சாக்கு பரணுக்குப் போனது, ஏணி சார்த்தியாயிற்று, பாதி ஏணி.

நின்றேன். வெட்டும் முடிந்திருந்தது. பழக்கதோஷம், துணியை உதறக் கை போனது. துணி இல்லை.

“அப்புறம்?” என்றார் டிரைவர்.

நான் சீப்பில் ஒட்டியிருந்த முடியை ஊதினேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு தன் காலடியில் கிடந்த முடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“அன்னிக்குக் கூட்டத்துல நீங்க கேட்டீங்களே. நான் பதில் சொல்லல. எல்லார் முன்னாடியும் சொல்ல வாய் வரல. எனக்குக் கேட்டுது.”

சீப்பு என் கையிலிருந்து விழுந்தது.

“என் மாமியார். எனக்கும் அவங்களுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. என் பொண்டாட்டி ஊர்ல இல்லாத நாள்ல அந்தக் கிழவிதான் வந்து உக்காந்திருக்கு. எனக்கு என்ன தெரிஞ்சுதுன்னா, நான் வண்டி ஓட்டறேன். முழுக்கப் பனி. ஹெட்லைட் இல்ல. கண்ணு தெரியல. ஆனா பக்கத்து சீட்டுல ஒரு குரல். ‘வரலாம், வரலாம், வலது பக்கம் ஒடி’ன்னு சைடு சொல்லிட்டே வருது. நானும் ஓட்டறேன்.”

“அவங்க அப்படித்தான் சொன்னாங்களா?”

“எங்க! பொழைச்சு வந்தப்புறம் கேட்டேன். அவங்க வீட்டுத் தண்ணித்தொட்டியில பாசி பிடிச்சத அரை மணி நேரம் சொல்லியிருக்காங்க. ஒரு வார்த்தை எனக்கு விளங்கல, பெரியவரே. ஆனா வண்டியில நான் தனியா இல்ல. அது தெரிஞ்சுது.”

“குரல் நின்னப்புறம்?”

“நின்னப்புறம்னா?”

“பேசறவங்க பாதியில நிறுத்திட்டுப் போயிட்டா. நாளைக்குச் சொல்றேன்னு.”

அவர் யோசித்தார். இட்டுக்கட்டத் தெரியாத மனிதர். யோசிக்கும்போது நெற்றியில் தெரிகிறது. “போயிட்டாங்கன்னு தோணல. கிளீனர் டீ குடிக்க இறங்கியிருக்கான், வருவான்னு தோணும். வண்டிய ஓரமா போட்டுட்டு இருப்பேன்.”

“காத்துட்டா?”

“காத்துட்டுன்னும் சொல்ல முடியாது. இருப்பேன். அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தகவல். ஒரு டீச்சருக்குக் கேட்கவில்லை. ஒரு டிரைவருக்குத் தண்ணீர்த்தொட்டிப் பாசி வழிகாட்டிப் பேச்சாகக் கேட்டது. நர்ஸ் சத்தியம் பண்ண மாட்டேன் என்றாள். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஓரமாக நிறுத்திய வண்டியையும் பாதி ஏணியையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு நின்றேன்.

“அட, மீதியச் சொல்லுங்க. சாக்கு கிடைச்சுதா இல்லையா?”

‘அடுத்த மாசம் வாங்க’ என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. முதல்முறையாக அதை விழுங்கினேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்க வேண்டுமே என்று குரலை உயர்த்தியே சொன்னேன்.

“ஏறிட்டாரு. பரண்ல உடைஞ்ச நாற்காலி, பழைய கண்ணாடி, எலிப்பொறி, எல்லாத்துக்கும் பின்னாடி சாக்கு இருந்துது. கட்டுப் போட்ட கயிறு போட்டபடியே இருந்துது. தூக்கினாரு. கனமே இல்ல. காத்து முடி, கனம் எப்படி இருக்கும்னு நெனைச்சுட்டுத் தோள்ல போட்டு இறங்கி வந்தாரு. கீழ ஏணியப் பிடிச்சுட்டு நிக்கறது யாருன்னு பாத்தா, மூச்சு வராத அவளேதான். இவர் விழுந்துடுவாரேன்னு கட்டில்ல இருந்து எழுந்து வந்துட்டா.”

“அடப்பாவமே.”

“கயித்த அவிழ்த்தாரு. உள்ள ஒண்ணும் இல்ல. சாக்குல அத்தனை ஓட்டை. என்னிக்கோ போயிருக்கும். சாக்க உதறினாரு, தலைகீழாக் கவுத்தாரு, உள்ள தலைய விட்டுப் பாத்தாரு. அவ முகத்தப் பாக்க முடியல அவரால. அவ எட்டி உள்ள பாத்தா. பாத்துட்டு, ‘இத்தன வருஷமா இதத்தான் பரண்ல வச்சிருந்தீங்களா? உள்ள ஒண்ணும் இல்லன்னு எனக்கு எப்பவோ தெரியும். நீங்க கீழ இறங்கி வந்துட்டீங்கல்ல, போதும்’னா.”

“அப்புறம்?”

“அப்புறம் இல்ல. அவ்வளவுதான் கதை.”

டிரைவர் சிரிக்கவில்லை. கழுத்துத் தழும்பைத் தடவிக்கொண்டார். எழுந்து சட்டைக்குள் கையை விட்டுச் சொறிந்துகொண்டே, “உங்க வீட்டம்மா நல்லா சொல்லியிருக்காங்க” என்றார்.

“ஆமாங்க. என்னைவிட நல்லா.”

அவர் போனபிறகு தரையைப் பெருக்கினேன். துடைப்பம் துடைப்பமாகவே இருந்தது. கடையைச் சாத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். மகள் தட்டு வைத்துவிட்டுப் போயிருந்தாள். குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, வாஷர் இன்னும் மாற்றவில்லை. தடுப்பைப் பார்த்தபடி காத்திருந்தேன். யாரும் ‘மீதி எங்க?’ என்று கேட்கவில்லை. முழுக்கதையும்தான் ஏற்கெனவே சொல்லியாயிற்றே, அதனால் இருக்கும்.

நான் இன்றுவரை எந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் படுத்ததில்லை. ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தவள் அவள், ஸ்டூலில் உட்கார்ந்து பேசியவன் நான், வீட்டுக்குத் திரும்பி வந்ததும் நான் மட்டும்தான்.